ஒப்பந்தம் முடிந்தால் புகாரும் முடிந்துவிடுமா?

நிரந்தரப் பணியாளர் ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வேண்டும், விசாரணை வேண்டும், காரணம் கூறும் ஆணை வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரை நீக்குவதற்கு இவற்றில் எதுவும் தேவைப்படுவதில்லை. “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று மேற்பார்வையாளர் சொன்னால் போதும். பல இடங்களில் அதைக்கூடச் சொல்வதில்லை. மறுநாள் காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. விரலை வைத்தால் எந்திரம் ஏற்காது. தாளில் பார்த்தால் அவர் நீக்கப்படவே இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தது, அவ்வளவே.

பாலியல் துன்புறுத்தலையோ, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதையோ, உடற்குறையைக் காட்டி வேலை மறுக்கப்பட்டதையோ எதிர்த்துத் தற்காலிகத் தொழிலாளர் ஒருவர் புகார் எழுத முன்வரும்போது, வேலையளிப்பவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆயுதம் இதுதான். பழிவாங்கியதற்கான சுவடே இல்லாமல் பழிவாங்க முடியும். நம் சட்டங்களின் வரையறைப் பிரிவுகள் தற்காலிகத் தொழிலாளரைப் பெரும்பாலும் உள்ளே அழைத்துக்கொள்கின்றன. தீர்வுப் பிரிவுகள்தாம் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். “நீங்கள் எங்கள் ஊழியரே இல்லை, எங்கள் குழுவில் எப்படிப் புகார் கொடுப்பீர்கள்?” என்ற பதிலை அலுவலகங்களில் அடிக்கடி கேட்க நேர்கிறது. இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பிரிவு 2(எஃப்) நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் என அனைவரையும் ஊழியர் என்கிறது. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரும், முதன்மை வேலையளிப்பவருக்குத் தெரியாமல் அமர்த்தப்பட்டவரும்கூட ஊழியரே. ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் அப்படித்தான். பிரிவு 2(ஏ) இன்னும் ஒரு படி மேலே சென்று, பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதே பொருட்டல்ல என்கிறது. ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்குச் சட்டநூலின் விடை தெளிவானது: ஒப்பந்தம் முடிந்தாலும் புகார் முடிவதில்லை.

இந்தத் தாராளம் தற்செயலானதன்று. சட்டத்தின் மூலமான விசாகா வழக்குக்குக் காரணமாக இருந்தவர் பன்வாரி தேவி. குயவர் சமூகத்தைச் சேர்ந்த அவர், இராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்ப மதிப்பூதியத்துக்குப் பணியாற்றிய ‘சாத்தின்’. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார் என்பதற்காக 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் விசாகா என்றதும் குளிரூட்டப்பட்ட அலுவலகமும் கணினியும் திரையில் வருகின்றன. இந்த நாட்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பிறந்தது, வயல்வெளியில் அரசு வேலை செய்துகொண்டிருந்த, அரசு ஊழியர் என்ற தகுதி மறுக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருவரின் போராட்டத்திலிருந்து. விசாகா தீர்ப்பு வெளிவந்த நாள் 1997 ஆகஸ்ட் 13. சென்னை ரிப்பன் மாளிகை முன் தனியார்மயத்தை எதிர்த்து அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, அவர்களில் பெரும் பகுதியினரான பெண்களை, நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியதும் ஓர் ஆகஸ்ட் 13தான், ஆண்டு 2025.

வரையறை இவ்வளவு அகலமாக இருந்தும் தற்காலிகத் தொழிலாளருக்கு எங்கே அடைபடுகிறது? முதலில், காலக்கெடுவில். நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்துவழிப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம், அதற்குமேல் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பெண் என்ன செய்வார்? புதுப்பிக்கும்வரை பொறுத்திருப்போம் என்றுதான் நினைப்பார். புதுப்பித்தபின் அடுத்த ஒப்பந்தத்தை நினைத்துப் பொறுப்பார். கடைசியில் வேலை போனபிறகு புகார் எழுதுவார். அப்போது காலக்கெடு கடந்திருக்கும். கடக்காவிட்டாலும் “வேலை போன ஆத்திரத்தில் எழுதிய பொய்ப் புகார்” என்ற எதிர்வாதம் ஆயத்தமாக இருக்கும். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்று பிரிவு 14ஐயும் காட்டி மிரட்டுவார்கள். நிரூபிக்க இயலாமல் போனதாலேயே ஒரு புகார் தீய நோக்கமுடையது ஆகிவிடாது என்று அதே பிரிவு சொல்வதை மட்டும் வாசிக்க மாட்டார்கள்.

காலக்கெடு எவ்வளவு இரக்கமற்றது என்பதற்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சான்று. கொல்கத்தாவிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை ஒருவர் துணைவேந்தர்மீது கொடுத்த புகார் அது. கடைசி நிகழ்வு 2023 ஏப்ரலில் நடந்தது, புகார் டிசம்பரில்தான் தரப்பட்டது, எனவே காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. இடையில் அவர் ஓர் ஆய்வு மையத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அந்த நீக்கத்தையும் துன்புறுத்தலின் தொடர்ச்சியாகக் கொண்டால் புகார் காலத்துக்குள் வந்துவிடும் என்பது வாதம். அது நிர்வாக நடவடிக்கை, பாலியல் துன்புறுத்தலோடு சேர்த்து எண்ண முடியாது என்றது தீர்ப்பு. துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இத்தீர்ப்பு இடம்பெற வேண்டும் என்ற உத்தரவு பரவலாகப் பேசப்பட்டது. எனக்கோ அதைவிட ‘நிர்வாக நடவடிக்கை’ என்ற அந்தச் சொல்தான் அச்சமூட்டுகிறது. சட்டம் கற்பிக்கும் பேராசிரியையே காலக்கெடுவில் சிக்கிக்கொண்டார். மாதச் சம்பளச் சீட்டுகூடக் கையில் இல்லாத துப்புரவுத் தொழிலாளியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவதைத் துன்புறுத்தலின் தொடர்ச்சி என்று எந்தக் குழுவிடம் மெய்ப்பிக்கப் போகிறோம்?

சட்டத்துக்குள் இதற்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. வேலையின் இன்றைய நிலை குறித்தோ எதிர்கால நிலை குறித்தோ விடுக்கப்படும் மிரட்டல், பாலியல் நடத்தையோடு இணைந்து வருமானால் அதுவும் துன்புறுத்தலே என்கிறது பிரிவு 3(2). ஆனால் புகார் கொடுத்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து அகற்றுவதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவு இச்சட்டத்தில் இல்லை. புகார் தந்தவரும் சாட்சிகளும் பழிவாங்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விசாகா நெறிமுறைகள் சொல்லியிருந்தன. சட்டமானபோது அது கரைந்துவிட்டது.

இடைக்காலத் தீர்வுகளைப் பாருங்கள்: இடமாற்றம், மூன்று மாதம் வரை விடுப்பு. இரண்டுமே நிரந்தரப் பணியிடம் உள்ளவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் மூன்று மாத விடுப்பு என்ன பொருள் தரும்? தினக்கூலிக்கு இடமாற்றம் என்பது பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவதன் நாகரிகப் பெயர்.

எந்தக் குழுவிடம் போவது என்பது இன்னொரு சிக்கல். துன்புறுத்தியவர் மாநகராட்சி அதிகாரியாக இருப்பார். பெண் ஒப்பந்ததாரரின் ஆளாக இருப்பார். ஒப்பந்ததாரர், அதிகாரி எங்கள் ஊழியர் அல்லர் என்பார். அலுவலகம், பெண் எங்கள் ஊழியர் அல்லர் என்னும். இருவேறு அரசுத் துறைகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், துன்புறுத்தியவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் பணியிடக் குழுவே விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் வழக்குகளில் இதை நாம் உரக்க முன்வைக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் குழுவே அமைக்கப்படாத இடங்களிலும், வேலையளிப்பவர்மீதே புகார் உள்ள இடங்களிலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். (இச்சட்டம் பெண்களுக்கானது. திருநர்களும் ஆண்களும் வேறு சட்டங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது என்பது தனியே எழுதப்பட வேண்டிய குறை.)

இனி உடற்குறை. நம் மக்கள் செய்யும் வேலைகளில் உடற்குறை என்பது பிறவியில் வருவது மட்டுமன்று. வேலையே கொண்டுவந்து சேர்ப்பது. குப்பையில் கிடந்த கண்ணாடியும் ஊசியும் கையைக் கெடுக்கின்றன, கழிவுநீர்த் தொட்டியின் வாயு நுரையீரலை, சுமை முதுகெலும்பை. ஒன்றிய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட கழிவுநீர்க்குழாய், கழிவுத்தொட்டித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 38,000 பேரின் விவரத்தை அரசே 2024இல் வெளியிட்டது. அவர்களில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பொதுப்பிரிவினர் 8 விழுக்காடு. அந்த வேலையில் யாருடைய உடல் தேய்கிறது என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 20(4) அழகான பிரிவு. பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் எதுவும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவியிறக்கம் செய்யக் கூடாது. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, ஓய்வு வயது வரை வைத்திருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. ஆனால் ஊதிய விகிதம், கூடுதல் பணியிடம், ஓய்வு வயது என்ற சொற்களைக் கவனியுங்கள். இவற்றில் ஒன்றாவது ஒப்பந்தத் தொழிலாளியின் வாழ்வில் உண்டா? ‘ஊழியர்’ என்ற சொல்லை இச்சட்டம் வரையறுக்கவும் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதுபோல் ‘ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வு மாறியிருக்கும். மாநகராட்சித் தெருவை மாநகராட்சிச் சீருடையில் கூட்டியவர், கையிழந்த அன்று மட்டும் தனியார் நிறுவனத்தின் ஆளாகிவிடுகிறார்.

கழிவுநீர்ப் பணியில் நிரந்தர உடற்குறை ஏற்பட்டு வாழ்வாதாரமே இழந்தவருக்குக் குறைந்தது 20 இலட்சம் ரூபாய், பிற உடற்குறைகளுக்குக் குறைந்தது 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தேவையான ஆணை. ஆயினும் இழப்பீடு என்பது ஒருவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டபின் கொடுக்கப்படும் தொகை. நிரந்தர ஊழியருக்கு மாற்றுப் பணி, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காசோலை என்று ஆகிவிடக் கூடாது.

இங்கே நம் தோழர்களிடமும் நிலவும் ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். 40 விழுக்காடு சான்றிதழ் இல்லாவிட்டால் எந்த உரிமையும் இல்லை என்று நினைக்கிறோம். 40 விழுக்காடு என்பது இடஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கான வரம்பு. பாகுபாட்டுக்கு எதிரான உரிமைக்கும், ‘நியாயமான வசதி’ கோரும் உரிமைக்கும் அந்த வரம்பு கிடையாது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறையுடைய தேர்வர் ஒருவர் தொடுத்த விகாஸ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நியாயமான வசதி என்றால் பெரிய கட்டுமானம் என்று எண்ண வேண்டாம். நின்று கூட்ட முடியாதவருக்குத் தரம்பிரிக்கும் மேசையில் வேலை, கேட்கும் திறன் குறைந்தவருக்கு எழுத்தில் அறிவுறுத்தல், டயாலிசிஸ் நாளில் பணிநேர மாற்றம் இவையே அது. அதை மறுப்பதே பாகுபாடு என்கிறது சட்டத்தின் வரையறை. முறையான நோக்கம் ஒன்றை அடைவதற்குப் பொருத்தமான அளவிலான வழி என்று காட்டினால் பாகுபாடு பொறுத்துக்கொள்ளப்படும் என்று பிரிவு 3(3)இல் ஒரு திறப்பை விட்டுவைத்திருப்பதும் உண்மை. ஆனால் அதை எழுத்தில் காட்ட வேண்டிய பொறுப்பு வேலையளிப்பவருடையது. ‘ஒப்பந்தம் முடிந்தது’ என்ற ஒற்றை வரி அந்தப் பொறுப்பை நிறைவேற்றாது.

இவை போதாவென்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் ஒப்பந்த முறையையே கெட்டிப்படுத்துகின்றன. முதன்மைப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது பணிப்பாதுகாப்புத் தொகுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. எவையெல்லாம் முதன்மைப் பணி ஆகாது என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள்: நிறுவனம் அந்தப் பணிக்காகவே அமைக்கப்பட்டதாக இல்லாவிட்டால் துப்புரவு, காவல், உணவகம், சுமையேற்றி இறக்கல், தோட்டப் பராமரிப்பு, சலவை எல்லாம் விலக்கு. பட்டியலின் முதல் இடம் துப்புரவுக்கு. இது தொழிலாளர் சட்டமா, வருணப் பட்டியலா என்று கேட்கத் தோன்றுகிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பில் அது 50 ஆகிவிட்டது. ஒப்பந்தத்தை 49, 49ஆக உடைப்பது எந்த ஒப்பந்ததாரருக்கும் கடினமான கணக்கு அல்ல.

சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் ஒரே உடலில் சேரும்போது சட்டம் மூன்று வாசல்களைக் காட்டுகிறது. துன்புறுத்தலுக்கு உள்ளகக் குழு, உடற்குறைக்கு மாற்றுத்திறனாளிகள் ஆணையர், சாதிக்குக் காவல்நிலையம். ஒவ்வொன்றிலும் அவர் தம் துயரத்தின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சொல்ல முடிகிறது. பிறவியிலேயே பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்ட பத்தான் ஜமால் வலி வழக்கில், இந்த ஒடுக்குமுறைகளைப் பிரித்துப் பார்க்க இயலாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் விரிவாகவே எழுதியது. எழுதிய அதே தீர்ப்பில், சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்பதற்குச் சான்றில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தண்டனையை நீக்கவும் செய்தது. சாதி காரணம் என்று மெய்ப்பிக்க வேண்டிய பழைய வாசகம் 2016 ஜனவரியில் மாற்றப்பட்டு, சாதி தெரிந்திருந்தாலே போதும் என்றாகிவிட்டது. அவ்வழக்கின் நிகழ்வு அதற்கு முந்தையது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 92(ஏ) இரண்டும் உடன்பிறப்புகள்போல் இருக்கும். வேண்டுமென்றே இழிவுபடுத்துதல், ‘பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில்’, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பொருட்கிடங்கின் நான்கு சுவருக்குள் நடக்கும் இழிவுக்குச் சாட்சி யார்? உடன் பணியாற்றுபவர்கள். அவர்களும் அதே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஒருவரின் தற்காலிகத்தன்மை பத்துப் பேரின் வாயை அடைக்கிறது. சாட்சிகள் பிறழ்வதைப் பற்றி நீதிமன்றங்கள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்த வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும்.

சட்டம் விட்டுவைத்த இந்த இடைவெளியைத் தொழிலாளர்கள் தாமே அடைத்த ஓர் எடுத்துக்காட்டு திண்டுக்கல்லில் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளியான இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் கண்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய ஆடை நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே தடை செய்கிறது அந்த உடன்படிக்கை. உற்பத்தித் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆலை மீறினால் ஆடை நிறுவனங்களின் கொள்முதலில் அடி விழும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது இலாபத்தைத் தொடும் செலவாக மாறியதுதான் இங்கே நடந்த மாற்றம். மாநகராட்சியின் தூய்மைப் பணி ஒப்பந்தப்புள்ளிகளில் இதேபோன்ற நிபந்தனைகளை ஏன் எழுத முடியாது? புகார் நிலுவையில் உள்ளவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளர் மாறக் கூடாது. மீறினால் பட்டியல் தொகை பிடித்தம். மூன்றே வரிகள். புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

நீதிமன்றத்திலும் கதவு முழுதாக அடைபடவில்லை. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் செய்துவந்தவர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கில், நீண்டகாலம் தொடர்ந்து நடக்கும் பணிக்குத் தற்காலிகம் என்று பெயரிட்டு உரிமைகளை மறுப்பதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடி, அவர்களை மீண்டும் பணியிலமர்த்தி முறைப்படுத்த உத்தரவிட்டது. அவர்கள் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்கள் அல்லர் என்பதால் எல்லார்க்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனால் ‘தற்காலிகம்’ என்ற பெயர்ப்பலகையைத் தாண்டி வேலையின் இயல்பைப் பார்க்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது வலுவான துணை.

அதற்குத் தேவை ஆவணம். எத்தனை ஒப்பந்ததாரர்கள் மாறினாலும் வருங்கால வைப்புநிதியின் யுஏஎன் எண் மாறாது. அந்தக் கணக்கேடு ஒருவரின் தொடர்ச்சியான உழைப்பைச் சொல்லும் சாட்சி. வருகைப் பதிவின் கைப்பேசிப் படம், ஈஎஸ்ஐ அட்டை, மேற்பார்வையாளரின் வாட்ஸப் குரல்பதிவு எல்லாவற்றையும் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். புகாரை ஒப்பந்தம் முடியும்முன், ஒப்பந்ததாரர், முதன்மை வேலையளிப்பவர் இருவர் பெயரிலும் எழுதி, சேர்ப்பித்ததற்கான சான்றுடன் விரைவஞ்சலில் அனுப்புங்கள். அந்தத் தேதிக்குப்பின் வரும் எந்த ‘நிர்வாக முடிவும்’ விளக்கம் சொல்ல வேண்டிய முடிவாகிவிடும்.

கல்லூரி மாணவர்கள் இதைத் தங்கள் வளாகத்திலேயே தொடங்கலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்பந்தப் பணியாளரையும் ஊழியர் என்றே கொள்கின்றன. சாதியும் உடற்குறையும் ஒருவர் துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதையும் அவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் விடுதிக் கழிவறையைக் கழுவுபவரின் பெயர் எந்த ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருக்கிறது, உள்ளகக் குழு உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அவர் படிக்கக்கூடிய தமிழில், அவர் நிற்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா, கடந்த மூன்றாண்டுகளில் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரிடமிருந்தேனும் புகார் பெறப்பட்டதா, கல்லூரியின் சமவாய்ப்புக் கொள்கை அவர்களைக் குறிப்பிடுகிறதா என்று அரசுக் கல்லூரியாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள்.